முதலாவது உட்கார்ந்து கணக்கிட்ட ராஜா

தியானத்திற்கான வேதபகுதிகள்: லூக்கா 14:28–33, 2 சாமுவேல் 5:17–25



சில ஆண்டுகளுக்கு முன் நாகாலாந்தின் தலைநகரான கோஹிமாவுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இறையியல் கல்லூரியில் என்னோடு பயின்ற நாகா நண்பர் ஒருவர் அங்கே போதகராக ஊழியம் செய்கிறார். திமாப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மலைப்பாதையில் பல மணி நேரம் பயணம் செய்து அவர் வீட்டை அடைந்தேன். மறுநாள் காலை அவர் என்னை முதலாவது அழைத்துச் சென்ற இடம் ஆலயம் அன்று. நகரின் நடுவே படிப்படியாக ஏறிச்செல்லும் ஒரு கல்லறைத் தோட்டம்.

அங்கே 1,420 போர்வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்களும் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறைகளுக்கு நடுவே தரையில் சில வெண்மையான கோடுகள் தெரிந்தன. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடைய பங்களாவின் டென்னிஸ் மைதானம் அது. 1944 ஏப்ரலில் அந்தச் சிறு மைதானத்தின் ஒரு பக்கத்தில் பிரிட்டிஷ், இந்திய வீரர்களும் மறுபக்கத்தில் ஜப்பானிய வீரர்களும் குழி தோண்டிக் கிடந்து, ஒருவர் மேல் ஒருவர் கையெறி குண்டுகளை வீசிக்கொண்டிருந்தனர். கல்லறைக் கற்களில் பொறிக்கப்பட்ட வயதுகளை வாசித்துக்கொண்டே நடந்தேன். பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்துமூன்று. அவை என் சபையின் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளின் வயது.

“இவர்களெல்லாம் ஏன் இங்கே வந்து மடிய நேர்ந்தது?” என்று நண்பரிடம் கேட்டேன். அவர் மாலையில் ஒரு தடித்த புத்தகத்தை என் கையில் கொடுத்தார். அந்தப் போரில் பிரிட்டிஷ் இந்தியத் தரப்பின் 14ஆம் இராணுவத்தை நடத்திய ஜெனரல் வில்லியம் ஸ்லிம், 1956இல் வெளியிட்ட ‘டிஃபீட் இன்டு விக்டரி’ என்னும் நூல் அது. வீடு திரும்பிய பின்னும் அப்போரைக் குறித்து வேறு நூல்களையும் தேடி வாசித்தேன். யுத்தத்தைப் புகழ்வது என் நோக்கமன்று; சமாதானப் பிரபுவின் ஊழியக்காரன் அதைச் செய்யலாகாது. சேனாதிபதிகள் தங்கள் திட்டங்களை எவ்வாறு தெரிந்துகொள்கிறார்கள் என்பதை வாசிக்க வாசிக்க, என் சொந்த ஊழியத்தில் நான் மறைத்துவைத்திருந்த ஒரு காயம் திறந்துகொண்டது. அதை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதலில் அந்தப் போரைச் சொல்லிவிடுகிறேன்.

1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பர்மா ஜப்பானியரின் கையில் இருந்தது. அங்கிருந்து இந்தியாவுக்குள் நுழைய விரும்பியவர், ஜப்பானின் 15ஆம் இராணுவத்தை நடத்திய ஜெனரல் முட்டாகுச்சி ரென்யா. அவர் கோழையல்லர்; அனுபவம் அற்றவரும் அல்லர். 1937இல் சீனாவோடு போர் மூண்ட மார்க்கோ போலோ பாலத்தில் மோதிய படைப்பிரிவு அவருடையது. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த படைகளுள் ஒன்றையும் அவரே நடத்தினார். தான் தொடங்கிய போரைத் தானே முடித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியிருந்தது.

அவருடைய திட்டம் இது: சிந்த்வின் ஆற்றைக் கடந்து, சாலையற்ற மலைகளின் வழியே மூன்று டிவிஷன்களை அனுப்பி, மணிப்பூரின் இம்பாலையும் நாகா மலையின் கோஹிமாவையும் பிடிப்பது. வீரர்கள் ஏறக்குறைய மூன்று வாரத்திற்கான உணவை மட்டுமே எடுத்துச் செல்வார்கள். அதற்குள் இம்பாலைப் பிடித்து, அங்கே பிரிட்டிஷார் குவித்துவைத்திருக்கும் உணவையும் எரிபொருளையும் கைப்பற்றிக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான மாடுகள் பொதி சுமந்து உடன்வரும். தேவைப்படும்போது அவற்றையே அடித்துச் சாப்பிடலாம்.

இந்தத் திட்டம் வெறும் பைத்தியக்காரத்தனம் என்று இன்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் முட்டாகுச்சிக்குக் காரணங்கள் இருந்தன. 1943இல் விங்கேட் என்னும் ஆங்கிலேயத் தளபதியின் படைகள் அதே மலைகளைக் கடந்து பர்மாவுக்குள் ஊடுருவியிருந்தன. அவர்களால் கடக்க முடிந்ததை நம்மால் கடக்க முடியாதா என்று அவர் எண்ணினார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும், பின்னால் வளைத்துக்கொண்டால் பிரிட்டிஷார் கலங்கிப் பின்வாங்குவார்கள், பண்டசாலைகளை விட்டுவிட்டு ஓடுவார்கள் என்பதை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். எனவே அவர் 1942ஆம் ஆண்டின் எதிரியை மனத்தில் வைத்துக்கொண்டு 1944ஆம் ஆண்டின் போரைத் திட்டமிட்டார்.

எதிரி மாறிவிட்டான் என்பதற்கு அடையாளம் கிடைக்காமல் இல்லை. 1944 பிப்ரவரியில் அரக்கான் பகுதியில் ஜப்பானியர் வழக்கம்போலச் சுற்றி வளைத்தனர். இம்முறை வளைக்கப்பட்டவர்கள் ஓடவில்லை. விமானங்கள் வானிலிருந்து உணவையும் தோட்டாக்களையும் போட, அவர்கள் நின்ற இடத்திலேயே நின்று போரிட்டனர். வளைத்தவர்களே பசியால் பின்வாங்கினர். இச்செய்திக்குப் பின்னும் முட்டாகுச்சி தம் திட்டத்தை மாற்றவில்லை.

அவருக்குக் கணக்குச் சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. 1943இல் அவருடைய தலைமையகத்தின் முதன்மை அதிகாரியாயிருந்த ஒபாட்டா, படைகளுக்கு உணவும் பொருளும் கொண்டுசெல்லும் துறையில் தேர்ந்தவர். இந்த மலைகளில் இத்தனை பேருக்கு உணவு அனுப்ப இயலாது என்று அவர் எதிர்த்தார். சில வாரங்களுக்குள் அவர் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பின்பு அந்தத் தலைமையகத்தில் கணக்கைப் பற்றிப் பேசியவர்கள் குறைந்துபோனதில் வியப்பில்லை.

பிரியமானவர்களே, இப்போது மறுபக்கத்துக்கு வாருங்கள்.

ஜெனரல் ஸ்லிம் 1942இல் தோற்ற படையை ரங்கூன் பக்கத்திலிருந்து இந்திய எல்லைவரை சுமார் 1,400 கிலோமீட்டர் பின்வாங்கச் செய்து அழைத்துவந்தவர். தோல்வியின் ருசி அவருக்குத் தெரியும். ஜப்பானியர் வருகிறார்கள் என்பதை அறிந்தபோது அவர் முன்னே மூன்று வழிகள் இருந்தன. சிந்த்வினைக் கடந்து தாமே முந்தித் தாக்கலாம். அல்லது ஆற்றங்கரையோரம் நின்று எதிர்க்கலாம். அல்லது முன்னணியில் நின்ற தம் டிவிஷன்களைப் பின்னுக்கு அழைத்து, இம்பால் சமவெளியில் ஒன்றுசேர்த்து, எதிரியை அங்கே வரவிட்டுப் போரிடலாம்.

அவர் மூன்றாவதைத் தெரிந்துகொண்டார். ஆற்றங்கரையில் போரிட்டால் எதிரியின் உணவுப் பாதை குறுகியதாகவும் தம்முடையது நீண்டதாகவும் இருக்கும். இம்பாலில் போரிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும்: எதிரியின் முதுகுக்குப் பின்னே ஒரு பெரிய ஆறும் மலைத்தொடர்களும் கிடக்கும், தமக்கோ விமானத் தளங்களும், டாங்கிகள் ஓடும் சமநிலமும் இருக்கும். மே மாதத்தில் மழையும் தொடங்கிவிடும். பல மாதங்களாய் முன்னேறிச்சென்ற வீரர்களிடம் “திரும்பி வாருங்கள்” என்று சொல்வது அவர்கள் மனத்தை ஒடிக்கும் என்பதையும், வெளியே இது தோல்விபோலவே தோன்றும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அறிந்தே தெரிந்துகொண்டார்.

ஸ்லிம் தவறாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. என்னை அதிகமாய்த் தொட்டதே அவருடைய தவறுகள்தாம். பின்வாங்கும் நாளைத் தீர்மானிக்கும் பொறுப்பை அவர் தமக்குக் கீழிருந்த தளபதியிடம் விட்டுவிட்டார், கட்டளை தாமதமாயிற்று, 17ஆம் இந்திய டிவிஷன் வழி மறிக்கப்பட்டு, போரிட்டுக்கொண்டே திரும்ப வேண்டியதாயிற்று. கோஹிமாவுக்கு ஒரு ரெஜிமென்ட் அளவுக்கே எதிரி வருவான் என்று அவர் கணித்தார். வந்ததோ ஒரு முழு டிவிஷன். அந்த மலைமுகட்டில் போரிடக்கூடிய சுமார் 1,500 பேர், தங்களைப்போலப் பல மடங்கு எண்ணிக்கையுள்ள படையை இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிர்த்து நின்றார்கள். ஏப்ரல் 20ஆம் தேதி அவர்கள் மீட்கப்பட்டபோது, காயமுற்றவர்கள் கிடந்த குழிகளிலேயே மீண்டும் காயமுற்றிருந்தார்கள்.

இவற்றைத் தம் தவறுகள் என்று ஸ்லிம் தமது நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தம்மைத் தப்புவித்தது தமக்குக் கீழிருந்தோரின் சமயோசிதமும் வீரர்களின் தளராத உறுதியுமே என்றும் ஒப்புக்கொள்கிறார். தவறு தெரிந்த அந்த வேளையிலும் அவர் தம் கணிப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அரக்கானிலிருந்த 5ஆம் இந்திய டிவிஷனை, பீரங்கிகளோடும் ஜீப்புகளோடும் கோவேறு கழுதைகளோடும் விமானங்களில் ஏற்றி வரவழைத்தார். ஜூன் 22ஆம் தேதி கோஹிமா–இம்பால் சாலை திறக்கப்பட்டது.

முட்டாகுச்சியின் படைக்கு என்ன நேர்ந்தது? மாடுகளில் பெரும்பாலானவை ஆற்றிலும் மலையிலும் மடிந்தன. மூன்று வாரம் மூன்று மாதமாயிற்று. கோஹிமாவைத் தாக்கிய டிவிஷனின் தளபதி சாட்டோ, உணவும் தோட்டாவும் அனுப்பும்படி திரும்பத் திரும்பக் கேட்டார், ஒன்றும் வரவில்லை. ஜூன் தொடக்கத்தில் அவர் கட்டளையை மீறித் தம் வீரர்களைப் பின்னுக்கு அழைத்துக்கொண்டார். முட்டாகுச்சி அவரைப் பதவி நீக்கினார். மற்ற இரு டிவிஷன் தளபதிகளையும் அப்போரின்போதே நீக்கினார்.

அந்த ஜூன் மாதத்தில் நடந்த ஒரு சந்திப்பை என்னால் மறக்க இயலவில்லை. முட்டாகுச்சிக்கு மேலதிகாரியான ஜெனரல் கவாபே அவரைக் காண வந்தார். படையெடுப்பு தோற்றுவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். நிறுத்திவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தம் முகத்தைப் பார்த்தே கவாபே புரிந்துகொள்வார் என்று நம்பியதாக முட்டாகுச்சி பிற்பாடு கூறினார். முட்டாகுச்சி வாய்திறந்து சொல்லட்டும் என்று கவாபே காத்திருந்தார். இருவரும் பேசிப் பிரிந்தார்கள். பின்வாங்கும் கட்டளை ஜூலையில்தான் பிறந்தது. இடைப்பட்ட அந்த வாரங்களில், கொட்டும் மழையில், வீரர்கள் பசியினாலும் வயிற்றுக்கடுப்பினாலும் மலேரியாவினாலும் வழியோரங்களில் விழுந்து மாண்டார்கள். ஆற்றைக் கடந்துவந்த ஏறக்குறைய 85,000 பேரில் சுமார் 30,000 பேர் திரும்பவில்லை என்பர். அவர்களோடு இந்திய தேசிய இராணுவத்தின் வீரர்களும் வந்திருந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்த நம் தமிழரும் பலர் சேர்ந்திருந்த படை அது. எத்தரப்பில் நின்றாலும், தாய்மார் பெற்ற பிள்ளைகள்.

ஒரே ஒரு வார்த்தையை இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்ல வெட்கப்பட்டதற்கு யார் கிரயம் செலுத்தினார்கள், பார்த்தீர்களா?

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு ராஜாவைப் பற்றிச் சொல்லுகிறார். இருபதாயிரம் பேரோடு தனக்கு எதிராக வருகிறவனைத் தன்னுடைய பதினாயிரம் பேரைக்கொண்டு எதிர்க்கக் கூடுமா என்று அவன் முதலாவது உட்கார்ந்து ஆலோசிக்கிறான். கூடாதென்று கண்டால், மற்றவன் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே ஸ்தானாபதிகளை அனுப்பிச் சமாதானத்துக்கு வழி கேட்கிறான். இயேசு சேனாதிபதிகளுக்குப் போர்க்கலை கற்பிக்க இதைச் சொல்லவில்லை. தமக்குப் பின்னே உற்சாகமாய் ஓடிவந்த ஜனங்களிடம் சீஷத்துவத்தின் கிரயத்தைச் சொல்லவே சொன்னார். ஆயினும் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். அந்த ராஜா உட்காருகிறான். நிற்கிறவனும் ஓடுகிறவனும் கணக்குப் பார்ப்பதில்லை. அன்றியும், கணக்கு “கூடாது” என்று சொன்னால் அதைக் கேட்க அவன் ஆயத்தமாயிருக்கிறான். விடையை முன்னரே முடிவு செய்துவிட்டு உட்காருகிறவன் உட்காருவதே இல்லை.

2 சாமுவேல் 5ஆம் அதிகாரத்தில் தாவீதைப் பாருங்கள். பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் வந்து பரவினார்கள். தாவீது கர்த்தரிடத்தில் விசாரித்தான், போகச் சொன்னார், போனான், வென்றான். பெலிஸ்தர் மறுபடியும் அதே பள்ளத்தாக்கில் வந்து பரவினார்கள். எதிரி அதே எதிரி, இடம் அதே இடம், நேற்றைய வெற்றி கையில் இருக்கிறது. யாராயிருந்தாலும் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்வோம். தாவீதோ மறுபடியும் விசாரித்தான். கிடைத்த பதில் வேறாயிருந்தது: இம்முறை நேரே போகலாகாது, பின்னாலே சுற்றிவந்து, முசுக்கட்டைச் செடிகளின் நுனிகளில் ஓர் இரைச்சல் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். வெற்றி பெற்ற தளபதிக்குக் காத்திருக்கும் கட்டளையைப்போலக் கடினமானது வேறில்லை. முட்டாகுச்சிக்குச் சிங்கப்பூரே சத்துருவாயிற்று. தாவீதுக்கு அவனுடைய முதல் வெற்றி கண்ணியாகாமற்போனதற்குக் காரணம், அவன் இரண்டாம் தரமும் கேட்டதுதான்.

இனி என் காயத்துக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு சபையில் பணியாற்றினேன். அதற்கு முந்தின சபையில் இரண்டே ஆண்டுகளில் ஓர் ஆலயத்தைக் கட்டிப் பிரதிஷ்டை செய்துமுடித்த பெருமை எனக்கு இருந்தது. புதிய சபைக்கு வந்த முதல் வருஷத்திலேயே, அங்கும் அப்படியே ஒரு புதிய ஆலயம் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தேன். முந்தின சபை வெளிநாட்டில் வேலைசெய்யும் பிள்ளைகளைக் கொண்ட சபை. இதுவோ பீடித் தொழிலாளரும் கொத்தனார்களும் சிறு கடைக்காரருமாயிருந்த சபை. அந்த வேற்றுமையை நான் யோசிக்கவில்லை.

சபையின் பொருளாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கமிட்டிக் கூட்டத்தில் அவர் நீல அட்டை போட்ட ஒரு நோட்டோடு எழுந்து நின்றார். “ஐயா, கொஞ்சம் கணக்குப் பார்த்து வந்திருக்கிறேன். வாசிக்கட்டுமா?” என்றார். “சார், விசுவாசத்துக்குக் கணக்கு எதற்கு?” என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். சிலர் என்னோடு சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு நான் விடவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில், எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்திலிருந்து, கானானை வேவுபார்த்துத் துர்ச்செய்தி கொண்டுவந்த பத்துப் பேரைக் குறித்துப் பிரசங்கித்தேன். யாரைக் குறித்துப் பேசுகிறேன் என்பது சபையார் அனைவருக்கும் விளங்கிற்று. மூன்றாம் வரிசையில் தன் மனைவியோடு உட்கார்ந்திருந்த அவர் தலைகுனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகினார். சபையைவிட்டு விலகவில்லை, கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

நாங்கள் அஸ்திவாரம் போட்டோம். சபையார் பொருத்தனை செய்தார்கள். வட்டிக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. தெருமுனையில் இட்லி விற்ற ஒரு விதவைத் தாய் தன் ஒரே சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார். அதை நான் பிரசங்க பீடத்திலிருந்து சாட்சியாகவும் சொன்னேன். சுவர்கள் லின்டல் மட்டத்துக்கு வந்தபோது பணம் தீர்ந்தது. நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் மழையில் துருவேறின. சங்கிலி மூழ்கிப்போயிற்று. வேலை நின்றுவிட்டது என்பது எனக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும். ஆனால் கூட்டந்தோறும் “தேவன் வழி திறப்பார்” என்று சொல்லிக் கலைந்தோம். நிறுத்துவோம் என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பிற்பாடு எனக்கு இடமாற்றம் வந்தது. அந்த அரைச்சுவர்களை எனக்குப் பின்வந்தவரின் கையில் விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

கட்டத் தொடங்கி முடிக்கத் திராணியற்றுப்போனவனைப் பார்ப்போர் பரியாசம் செய்வதைப் பற்றி, அந்த ராஜாவின் உவமைக்குச் சற்று முன்னே நம் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அப்பகுதியை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்று கோஹிமாவில்தான் உறைத்தது.

ஊர் திரும்பிய சில வாரங்களில் அந்தத் தலைமையாசிரியரைத் தேடிப் போனேன். பக்கவாதத்தால் படுத்திருந்தார். பேச்சு மெதுவாக வந்தது. நான் கட்டிலருகே உட்கார்ந்து, செய்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “ஐயா, அன்றைக்கு அந்த நோட்டை நீங்கள் ஒருதரம் வாங்கிப் பார்த்திருக்கலாம்” என்றார். நோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். மருமகளை அழைத்து அலமாரியிலிருந்து எடுத்துவரச் சொன்னார்.

நான் முதன்முறையாக அதை வாசித்தேன். முதல் இரண்டு பக்கங்களில் வரவும் செலவும், சபையின் குடும்பங்களும் அவர்களால் கொடுக்கக்கூடியதும். மூன்றாம் பக்கத்தில், ‘கட்டும் வகை’ என்று தலைப்பிட்டு, மூன்று கட்டங்களாக ஒரு திட்டம்: பழைய ஆலயத்தின் கூரையை முதலில் பழுதுபார்ப்பது, கடன் வாங்காமல் இரண்டு வருஷம் சேமித்து அஸ்திவாரம் போடுவது, கொத்தனார் வேலை தெரிந்த சபையாரின் உழைப்பையே காணிக்கையாகக் கேட்பது. ஏழு வருஷத்தில் ஆலயம் முடியும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்.

பிரியமானவர்களே, அந்த மனிதர் கட்டக் கூடாது என்று சொல்ல எழுந்திருக்கவில்லை. கட்டும் வழியைச் சொல்ல எழுந்திருந்தார். ஸ்லிம் தம் படையைப் பின்னுக்கு அழைத்ததும் போரைத் தவிர்ப்பதற்காக அல்ல. வெல்லக்கூடிய இடத்தில் போரிடுவதற்காகவே. எதிர்த்துப் பேசுகிறவரின் நோட்டில் மூன்றாம் பக்கம் ஒன்று இருக்கக்கூடும் என்பது, முதல் பக்கத்தையே கேட்க மனமில்லாதவனுக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் விசுவாசம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. யோசுவாவும் காலேபும் எண்ணிக்கையைக் கண்டு அஞ்சவில்லையே! ஆனால் கானானை வேவுபார்க்கும்படி சொன்னவர் கர்த்தரே; பார்ப்பதும் எண்ணுவதும் பாவமன்று. எண்ணி முடித்த பின்பு, வாக்குக் கொடுத்தவரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதே அந்தப் பத்துப் பேரின் பாவம். அதற்கு அடுத்த அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். கர்த்தர் போகவேண்டாம் என்று சொன்ன பின்பு, அதே ஜனங்கள் துணிந்து மலையேறினார்கள். மோசே தடுத்தும் கேட்கவில்லை. ஓர்மாமட்டும் முறிய அடிக்கப்பட்டார்கள். அவர்களுடைய துணிச்சலை வெளியே நின்று பார்த்திருந்தால் விசுவாசம் என்றே நாம் சொல்லியிருப்போம். தேவனுடைய வார்த்தையின்மேல் நிற்பது விசுவாசம். என்னுடைய விருப்பத்தின்மேல் நின்றுகொண்டு தேவனைத் துணைக்கு அழைப்பது வேறு. நான் பிரசங்கித்தது 13ஆம் அதிகாரம். வாழ்ந்தது 14ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி.

அடுத்த ஆண்டு அந்தத் தலைமையாசிரியர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் பேசும்படி குடும்பத்தார் என்னை அழைத்தார்கள். அவரை நான் சபை நடுவே அவமானப்படுத்தினேன். அறைக்குள் கேட்ட மன்னிப்பு போதாது என்று என் மனச்சாட்சி சொல்லிற்று. எனவே அதே பிரசங்க பீடத்தில் நின்று, அதே சபையாரிடம், நடந்ததைச் சொன்னேன். இட்லி விற்ற அந்தத் தாயும் வந்திருந்தார். அவர் கழுத்தில் மஞ்சள் கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவர் என் கையைப் பிடித்து, “சாப்பிட்டுவிட்டுப் போங்கள் ஐயா” என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

உங்களில் பெரும்பாலோர் சேனையை நடத்துகிறவர்கள் அல்லர். ஆயினும் ஒரு குடும்பத்தை, ஒரு கடையை, ஒரு வகுப்பறையை, ஒரு சபையை நடத்துகிறீர்கள். மகளின் திருமணத்துக்காகக் கடன் வாங்கப் போகிறீர்கள். மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பதென்று தீர்மானிக்கப் போகிறீர்கள். ஒரு வழக்கைத் தொடர்வதா விடுவதா என்று யோசிக்கிறீர்கள். இவ்வாரத்தில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். உங்கள் வீட்டில் நீல நோட்டோடு நிற்கிறவர் யார் என்று பாருங்கள். மனைவியாக இருக்கலாம்; பேச்சில் தயங்கும் இளைய மகனாக இருக்கலாம்; கடையின் கணக்குப்பிள்ளையாக இருக்கலாம். அவரை அழைத்து, “வாசியுங்கள், கேட்கிறேன்” என்று சொல்லுங்கள். கடைசிப் பக்கம்வரை கேளுங்கள். ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள், இனி முடியாது என்று தெரிகிறதா? மற்றவன் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே சமாதானத்துக்கு ஆள் அனுப்புங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து யாராவது புரிந்துகொள்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் பழைய வெற்றிகளால் எங்கள் செவிகள் அடைபட்டுப்போகாதபடி காத்துக்கொள்ளும். உமது பெயரைச் சொல்லி நாங்கள் வாயடைத்தவர்களை நினைவுக்குக் கொண்டுவந்து, அவர்களிடத்தில் போக எங்களுக்குப் பெலன் தாரும். போகச் சொன்னால் போகவும், காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கவும், திரும்பச் சொன்னால் வெட்கமின்றித் திரும்பவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.